காத்திருக்கத் தெரிந்த சோதனை

பேருந்தில் இருக்கை பதிவு செய்யும் இணையப் பக்கம் ஒன்றை மனதில் வைத்துக்கொள்வோம். ஊரையும் தேதியையும் கொடுத்துத் தேடினால் வண்டிகள் வரிசையாக வருகின்றன. ஒரு வண்டியைத் தொட்டால் இருக்கைகளின் படம் விரிகிறது. பன்னிரண்டாம் எண்ணைச் சொடுக்கியதும் அதன் வெள்ளை நிறம் பச்சையாகிறது, கீழே தொகை தோன்றுகிறது, அதுவரை மங்கிக் கிடந்த 'பணம் செலுத்து' பொத்தான் உயிர் பெறுகிறது. இதைச் செய்து முடித்தவரிடம் எங்கெல்லாம் காத்திருந்தீர்கள் என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது. படம் விரியும்வரை விரல் தானாக நின்றது. நிறம் மாறியதைக் கண் பார்த்த பிறகே கை கீழே நகர்ந்தது. இந்த வேலையை ஒரு நிரலிடம் ஒப்படைக்கும்போதுதான் அந்தக் கணக்கில் வராத காத்திருப்புகள் எத்தனை என்று தெரிகிறது. நிரலுக்குச் சொடுக்கக் கற்றுக்கொடுப்பது எளிது. எப்போது சொடுக்குவது, எப்போது பார்ப்பது என்று கற்றுக்கொடுப்பதுதான் கடினம். உலாவியைத் தானாக இயக்கி ஒரு வலைத்தளத்தைச் சோதிக்கும் முயற்சியின் இருபது ஆண்டு வரலாறும், இன்றும் அதில் நிகழும் தோல்விகளில் பெரும்பகுதியும் இந்த ஒரே சிக்கலைச் சுற்றித்தான் அமைந்திருக்கின்றன என்பது இந்த அத்தியாயத்தின் வாதம். எந்தக் கருவியை வாங்குவது, எப்படி நிறுவுவது என்பவை அதற்கு அடுத்த கேள்விகள்.

2004ஆம் ஆண்டு சிகாகோவில், தாட்வொர்க்ஸ் நிறுவனத்தின் ஊழியர்கள் வேலை நேரத்தையும் செலவுகளையும் பதியும் ஒரு மென்பொருளைச் சோதிக்க வேண்டியிருந்தது. அதற்காக ஜேசன் ஹக்கின்ஸ் ஜாவாஸ்கிரிப்டில் ஒரு கருவி எழுதினார். உலாவிக்கு உள்ளேயே ஓடி, பெட்டிகளை நிரப்பி, இணைப்புகளைச் சொடுக்கி, வந்த விடையைச் சரிபார்க்கும் கருவி அது. சோதனைக் கருவிச் சந்தையில் அப்போது மெர்க்குரி, அதாவது பாதரசம், என்ற பெயர் கொண்ட நிறுவனம் ஆதிக்கம் செலுத்தியது; பாதரச நஞ்சுக்கு முறிவாகச் சொல்லப்படும் தனிமத்தின் பெயரையே ஹக்கின்ஸ் தன் கருவிக்கு வைத்தார். அப்படிப் பிறந்தது செலினியம். அன்றைய வலைப்பக்கங்களில் ஒவ்வொரு சொடுக்கும் பெரும்பாலும் ஒரு புதுப் பக்கத்தைக் கொண்டுவந்தது. பக்கம் முழுதாக வந்து சேர்ந்ததும் உலாவியே 'ஏற்றம் முடிந்தது' என்று அறிவிக்கும். செலினியத்தின் தொடக்கக் காலக் கட்டளைகளில் 'சொடுக்கிக் காத்திரு' என்றே ஒன்று இருந்தது. எதற்குக் காத்திருப்பது என்பதில் யாருக்கும் ஐயம் இல்லை. ஆனால் அந்தத் தெளிவு நெடுநாள் நீடிக்கவில்லை. 2004 ஏப்ரலில் ஜிமெயிலும் 2005 பிப்ரவரியில் கூகுள் மேப்ஸும் வந்தன. பக்கத்தை மாற்றாமலே பின்னணியில் தரவைக் கேட்டுப் பெற்று, திரையின் ஒரு மூலையை மட்டும் திருத்தும் அந்த முறைக்கு, அதே 2005 பிப்ரவரியில் ஜெஸ்ஸி ஜேம்ஸ் காரெட் 'அஜாக்ஸ்' என்று பெயர் சூட்டினார். பயனருக்கு அது பெரிய வசதி. சோதனை எழுதுபவருக்கோ, அதுவரை நம்பியிருந்த ஒரே மணியோசை நின்றுபோயிற்று. பேருந்துப் பக்கத்தில் இருக்கை பச்சையாகும்போது எந்தப் பக்கமும் புதிதாக ஏறவில்லை. 'முடிந்தது' என்று சொல்ல உலாவியிடம் இப்போது எதுவும் இல்லை.

அந்த வெற்றிடத்தில் புகுந்ததுதான் 'தூங்கு' என்ற கட்டளை. சொடுக்கு, மூன்று நொடி தூங்கு, பிறகு பார். இது ஏன் தவறு என்பதை அறிய உள்ளே நடப்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். சோதனை நிரல் பொதுவாக ஒரு தனிச் செயலியாக ஓடுகிறது, உலாவி மற்றொன்று. இரண்டும் செய்திகளை அனுப்பிக்கொண்டு பேசுகின்றன. உலாவியின் பக்கத்திலோ வேலைகள் ஒரு வரிசையில் நிற்கின்றன: சொடுக்கலுக்குப் பதில் சொல்வது, சேவையகத்திலிருந்து வந்த தரவைப் பிரிப்பது, நொடிக்கு 60 முறை திரையை வரைவது எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக. சேவையகம் இன்னொரு கணினியில் தன் வேகத்தில் இயங்குகிறது. ஆக மூன்று கடிகாரங்கள். அவற்றைச் சேர்த்துக் கட்டும் நூல் எதுவும் இல்லை. மூன்று நொடி என்ற எண் இந்த மூன்றில் எதையும் அளந்து வந்ததில்லை. எழுதியவரின் மடிக்கணினியில் போதுமானதாக இருந்தது, அவ்வளவே. வேகமான நாளில் அது வீண். 200 சோதனைகளில் தலா ஐந்து இடங்களில் மூன்று நொடி தூங்கினால் 50 நிமிடம் ஒன்றும் செய்யாமல் கழிகிறது. மெதுவான நாளில் அது போதாது. பச்சையாவதற்கு அரை நொடி முன்பே பார்த்துவிட்டு, தளம் பழுதாகிவிட்டது என்று சோதனை பொய் சொல்கிறது.

நிரலில் எந்த மாற்றமும் இல்லாமல் ஒருமுறை தேறி மறுமுறை தோற்கும் இத்தகைய சோதனைகளை மென்பொருள் அலுவலகங்களில் 'ஃபிளேக்கி' என்கிறார்கள். இவை எங்கிருந்து வருகின்றன என்று இல்லினாய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட ஆய்வு ஆராய்ந்தது. அப்பாச்சி அறக்கட்டளையின் 51 திட்டங்களில், நிலையற்ற சோதனைகளைச் சரிசெய்த 201 திருத்தங்களை எடுத்து வகைப்படுத்தினார்கள். வகைப்படுத்த முடிந்தவற்றில் ஏறக்குறைய 45 சதவீதத்துக்குக் காரணம் ஒன்றுதான்: தனியே நடந்துகொண்டிருந்த ஒரு வேலை முடியும்வரை சோதனை சரியாகக் காத்திருக்கவில்லை. ஒருங்கே ஓடும் இழைகளின் மோதல் 20 சதவீதம். ஒரு சோதனை விட்டுச்சென்ற மிச்சம் அடுத்ததைக் கெடுத்தது 12 சதவீதம். இவை பெரும்பாலும் உலாவிச் சோதனைகள் இல்லை என்பதை நினைவில் கொள்ள வேண்டும். உலாவி, வலைப்பின்னல், திரை வரைதல் என்று காத்திருக்க வேண்டியவை இன்னும் பெருகும் இடத்தில் அந்தப் பங்கு குறையக் காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. கூகுள் நிறுவனம் 2016இல் தன் அனுபவத்தை வெளியிட்டபோது, தங்கள் சோதனைகளில் ஏறக்குறைய 16 சதவீதத்தில் ஏதோ ஓரளவு நிலையின்மை இருப்பதாகச் சொன்னது. அதைவிட முக்கியமானது இன்னொரு எண்: தேறிக்கொண்டிருந்த சோதனை திடீரென்று தோற்றதாகக் காட்டிய தருணங்களில் 84 சதவீதம் நிலையற்ற சோதனை சம்பந்தப்பட்டவை. அபாய மணி அடிக்கும் பெரும்பாலான நேரங்களில் தீ இல்லை என்றால் யார் எழுந்து ஓடுவார்கள்?

எண்ணிக்கை கூடும்போது இது எப்படி விபரீதமாகிறது என்பதை எளிய கணக்கால் காணலாம். ஒவ்வொரு சோதனையும் நூறில் ஒருமுறை மட்டுமே காரணமின்றித் தோற்கிறது என்று வைப்போம். கேட்கும்போது சிறிய குறையாகத்தான் படுகிறது. ஆனால் அத்தகைய 100 சோதனைகள் கொண்ட தொகுப்பு முழுதும் ஒரே ஓட்டத்தில் தேறுவதற்கான வாய்ப்பு 37 சதவீதம்தான். தளத்தில் ஒரு குறையும் இல்லாத நாளிலும் மூன்றில் இரண்டு ஓட்டங்கள் சிவப்பாக, அதாவது தோல்வியாக, முடியும்.

இதற்கான விடை, கடிகாரத்தைப் பார்க்காமல் நிலைமையைப் பார்ப்பது. 'மூன்று நொடி கழித்துப் பார்' என்பதை, 'பன்னிரண்டாம் இருக்கை தேர்வானதாகக் காட்டும்வரை பார்த்துக்கொண்டே இரு. ஐந்து நொடிக்குள் காட்டாவிட்டால் தோல்வி என்று சொல்' என்று மாற்றுவது. 0.2 நொடியில் பச்சையானால் 0.2 நொடியிலேயே நகர்ந்துவிடலாம். சைமன் ஸ்டூவர்ட் உருவாக்கி, 2009 முதல் செலினியத்தோடு இணைக்கப்பட்ட, உலாவியை இயக்கும் வெப்டிரைவர், 2018 ஜூனில் வலைத் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் தரநிலையானது. அதில் இந்த வகைக் காத்திருப்பை நிரலர் தன் கையால் எழுதிச் சேர்க்க வேண்டும், மறந்தால் விபத்து. மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரியில் வெளியிட்ட பிளேரைட் அந்தப் பொறுப்பைக் கருவியின் தலையில் வைத்தது. ஒரு பொத்தானைச் சொடுக்கு என்றால், அது கண்ணுக்குத் தெரிகிறதா, அடுத்தடுத்த இரண்டு சட்டகங்களிலாவது இடம் மாறாமல் நிற்கிறதா, செயல்படும் நிலையில் இருக்கிறதா, மேலே வேறு எதுவும் மறைக்காமல் சொடுக்கு அதன்மீதே விழுமா என்றெல்லாம் பார்த்த பிறகே சொடுக்குகிறது. மனிதக் கை அறியாமல் செய்ததை ஒவ்வொன்றாகப் பெயரிட்டு எழுதிய பட்டியல் இது. நிறுவுவதும் இன்று எளிது: திட்டத்தின் கோப்புறையில் ஒரே கட்டளை, குரோமியம், ஃபயர்பாக்ஸ், வெப்கிட் மூன்றையும் இறக்கித் தந்து, ஒரு மாதிரிச் சோதனையையும் எழுதி வைத்துவிடும். திரை இல்லாத 'ஹெட்லெஸ்' முறையில் அப்படியே ஓடவும் செய்யும்.

ஆனால் எதற்குக் காத்திருப்பது என்பதைக் கருவி முடிவு செய்ய முடியாது. அங்கேதான் எழுதுபவரின் அறிவு தேவைப்படுகிறது. 'வலைப்பின்னல் அமைதியாகும்வரை காத்திரு' என்ற வசதியைப் பலர் நாடுகிறார்கள். இருக்கை நிலவரத்தைச் சில நொடிகளுக்கு ஒருமுறை விசாரித்துக்கொண்டே இருக்கும் பக்கம் ஒருபோதும் அமைதியாகாது. அமைதியானாலும் திரையில் எதுவும் மாறியிருக்க வேண்டிய கட்டாயமில்லை. பயனர் எதைக் கண்டு அடுத்த அடி எடுத்து வைக்கிறாரோ அதற்கே சோதனையும் காத்திருக்க வேண்டும். பொத்தானைத் தேடும்போதும் அதே விதி. பக்கத்தின் உட்கட்டமைப்பில் மூன்றாவது பெட்டிக்குள் இரண்டாவது உறுப்பு என்று வழி சொன்னால், வடிவமைப்பாளர் ஒரு பெட்டியைக் கூட்டிய அன்று சோதனை உடையும். 'பணம் செலுத்து என்ற பெயருள்ள பொத்தான்' என்று தேடினால், பயனருக்கு எதுவரை தளம் மாறவில்லையோ அதுவரை சோதனையும் மாறாது. இதில் கூடுதலாக ஒரு நன்மையும் உண்டு. பார்வையற்றவர்களுக்கான திரைவாசிப்பான்களும் உறுப்பின் வகையையும் பெயரையும் கொண்டுதான் பக்கத்தைப் படிக்கின்றன. அந்தப் பெயரில் சோதனையால் பொத்தானைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்றால், அவர்களாலும் முடியாமல் போகக்கூடும்.

மிகவும் நுட்பமான தவறு, ஒன்று இல்லை என்று சரிபார்ப்பதில் ஒளிந்திருக்கிறது. இருக்கையைத் தேர்ந்தபின் 'இந்த இருக்கை வேறொருவருக்குப் போய்விட்டது' என்ற செய்தி வரக்கூடாது என்று சோதிக்க விரும்புகிறோம். சொடுக்கிய மறுகணமே சோதனை பார்க்கிறது; செய்தி இல்லை; தேறிவிட்டது. சேவையகத்தின் பதில் வந்து சேர இன்னும் அரை நொடி இருக்கிறது. வந்த பிறகு அந்தச் செய்தி திரை முழுக்க எழுந்தாலும் சோதனை ஏற்கெனவே மூட்டை கட்டிப் போய்விட்டது. இருப்பதற்குக் காத்திருக்கலாம், இல்லாமைக்குக் காத்திருக்க முடியாது. ஏனென்றால் தொடக்கத்தில் எல்லாமே இல்லாமல்தான் இருக்கின்றன. ஆகவே முதலில் வேலை முடிந்ததற்கான ஒரு நேர்ச் சான்று வேண்டும்: இருக்கை பச்சையானது, தொகை தோன்றியது. அதைக் கண்ட பிறகே பிழைச் செய்தி இல்லை என்று சொல்வதற்குப் பொருள் வருகிறது. நிலையற்ற சோதனை தொந்தரவு செய்தாவது தன் இருப்பைக் காட்டுகிறது. இந்த வகைச் சோதனை ஆண்டுக்கணக்கில் பச்சையாகவே இருந்து ஏமாற்றும். இரண்டில் இதுவே கொடியது என்று நான் கருதுகிறேன்.

இவ்வளவு மெனக்கெடுவானேன், தோற்ற சோதனையை மறுபடி ஓட்டினால் போதாதா என்று கேட்பார்கள். பல கருவிகளில் அந்த வசதி இருக்கிறது, கணக்கும் கவர்ச்சியானது. நூறில் ஒருமுறை தோற்பது, இரண்டாம் வாய்ப்புக் கொடுத்தால் பத்தாயிரத்தில் ஒருமுறையாகிறது. சிக்கல் என்னவென்றால், சோதனையின் குறைக்கும் தளத்தின் குறைக்கும் அந்த வசதிக்கு வேறுபாடு தெரியாது. பத்தில் ஒருமுறை தோன்றும் உண்மையான பழுது ஒன்று தளத்தில் இருக்கிறது என்போம். மூன்று வாய்ப்பு கொடுக்கும் தொகுப்பில் அது ஆயிரம் ஓட்டங்களில் ஒன்றில்தான் சிவப்பாகும். பத்தாயிரம் பயணிகள் வந்தால் அவர்களில் ஆயிரம் பேர் அதில் சிக்குவார்கள். இது கற்பனையான கவலை இல்லை. இன்றைய தளங்கள் பல, சேவையகத்திலேயே வரைந்த பக்கத்தை முதலில் அனுப்பிவிட்டு, அதை இயக்கும் ஜாவாஸ்கிரிப்டைப் பின்னால் இணைக்கின்றன. இடைப்பட்ட அந்தச் சிறு பொழுதில் பொத்தான் தெரிகிறது, அசையாமல் நிற்கிறது, கருவியின் எல்லாச் சரிபார்ப்புகளிலும் தேறுகிறது; சொடுக்கினால் ஒன்றும் நடப்பதில்லை. சோதனை விட்டுவிட்டுத் தோற்கிறது. எழுதியவர் அதை ஃபிளேக்கி என்று ஒதுக்குகிறார். மெதுவான கைபேசியில், பலவீனமான இணைப்பில் அந்தப் பொத்தானை அழுத்தும் பயணிக்கு அந்த இடைவெளி சில நொடிகளாகவே நீளக்கூடும். அவர் அழுத்திக்கொண்டே இருப்பார். சோதனை சொன்னது உண்மை. செயல்படாத பொத்தானை மங்கலாகவே வைத்திருப்பதுதான் அங்கே தேவையான திருத்தம். மறு ஓட்டத்தை வைத்துக்கொள்ளலாம், இரண்டாம் முறை தேறியவற்றைத் தனியே பதிந்து ஆராயும் வழக்கம் இருந்தால் மட்டும்.

ஒரு சோதனையின் மிச்சம் அடுத்ததைக் கெடுக்கும் அந்த 12 சதவீதத்தைப் பற்றி நீட்டிப் பேசத் தேவையில்லை. ஒவ்வொரு சோதனைக்கும் புதிய உலாவிச் சூழல், அதாவது குக்கீ எதுவும் இல்லாத மறைநிலைச் சாளரம் போன்ற ஒன்று, தரப்பட வேண்டும். தனக்கு வேண்டிய பயணியையும் வண்டியையும் சோதனை தானே உருவாக்கிக்கொள்ள வேண்டும். இரண்டு சோதனைகள் ஒரே பன்னிரண்டாம் இருக்கைக்குப் போட்டியிட்டால் எவ்வளவு காத்திருந்தாலும் பயனில்லை.

இன்னொரு மறுப்பு வலுவானது. நிரலின் சிறு பகுதிகளைத் தனித்தனியே சோதிப்பது மில்லி நொடிகளில் முடிகிறது, ஏறக்குறைய ஒருபோதும் தடுமாறுவதில்லை. அப்படியிருக்க இந்தப் பாரமான உலாவிச் சோதனை எதற்கு? 2013 அக்டோபர் 1 அன்று அமெரிக்க அரசு தன் மருத்துவக் காப்பீட்டுத் தளத்தைத் திறந்தது. முதல் நாளில் காப்பீட்டில் சேர்ந்து முடித்தவர்கள் ஆறு பேர். அம்மாதம் 24ஆம் தேதி நாடாளுமன்றக் குழுவின் முன் நின்ற ஒப்பந்ததாரர்கள், தொடக்கம் முதல் முடிவுவரையான முழுச் சோதனை திறப்புக்கு முந்தைய இரண்டு வாரங்களில்தான் நடந்தது என்றார்கள்; தத்தம் பகுதி தனியாகச் சோதிக்கப்பட்டுத் தேறியது என்பதும் அவர்கள் வாதத்தில் இருந்தது. அந்தத் தோல்விக்குக் கூட்ட நெரிசல் உட்படப் பல காரணங்கள் உண்டு, உலாவிச் சோதனை ஒன்றே அதைக் காப்பாற்றியிருக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பகுதிகள் ஒவ்வொன்றும் சரி என்பதிலிருந்து முழுமை சரி என்ற முடிவுக்குப் போக முடியாது என்பதற்கு அதைவிடப் பெரிய சான்று தேட வேண்டியதில்லை. மறுப்பில் உண்மையும் இருக்கிறது. மைக் கோன் வரைந்த சோதனைப் பிரமிடில் இத்தகைய சோதனைகள் உச்சியில், மிகக் குறைவாகவே இடம்பெறுகின்றன. பயணி தேடுவது, இருக்கை தேர்வது, பணம் கட்டுவது, பயணத்தை ரத்து செய்வது போன்ற, உடைந்தால் தளமே பொருளிழக்கும் பாதைகளுக்கு மட்டும் உலாவிச் சோதனை போதும். கட்டணக் கணக்கின் நுணுக்கங்களைச் சிறு சோதனைகள் பார்த்துக்கொள்ளட்டும். மேலே போட்ட 37 சதவீதக் கணக்கும் இதையே சொல்கிறது.

சோதனைகளை மடிக்கணினியிலிருந்து சிஐ எனப்படும் தொடர் ஒருங்கிணைப்புக் கணினிக்கு மாற்றும் நாளில் எல்லாம் மறுபடி தடுமாறும். அந்தக் கணினியில் செயலியின் உட்கருக்கள் குறைவு, ஒரே நேரத்தில் பல உலாவிகள் ஓடுகின்றன, எல்லாக் காத்திருப்புகளும் நீள்கின்றன. இங்கே கால எல்லைகளை ஏற்றிவிடும் ஆசையை அடக்க வேண்டும். எல்லையை முப்பது நொடியாக்கினால், இருபது நொடியில் பச்சையாகும் இருக்கையும் தேறிவிடும். பயணியோ எப்போதோ வேறு தளத்துக்குப் போயிருப்பார். மாறாக, தோற்ற ஓட்டத்தின் பதிவைச் சேமித்து வைக்கச் சொல்ல வேண்டும். பிளேரைட்டின் 'டிரேஸ்' கோப்பு ஒவ்வொரு அடியிலும் பக்கம் எப்படி இருந்தது, எந்தக் கோரிக்கை எப்போது போய் எப்போது திரும்பியது என்று காட்டுகிறது. மறுபடி ஓட்டினால் மறைந்துவிடும் தோல்விக்கு அதுவே ஒரே சாட்சி.

தமிழில் இயங்கும் தளங்களுக்கு மேலும் சில கண்ணிகள் உண்டு. 'கொ' என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்: ககரத்துக்குப் பின் ஒகரக் குறியை ஒரே குறியீடாக இடுவது ஒன்று, எகரக் குறியையும் காலையும் தனித்தனிக் குறியீடுகளாக இடுவது மற்றொன்று. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். குறியீடுகளை வரிசையாக ஒப்பிடும் சோதனைக்கு அவை வேறு வேறு சொற்கள். ஒப்பிடும் முன் இருபுறமும் ஒரே வடிவத்துக்கு இயல்பாக்கிக்கொள்ள வேண்டும். ஜாவாஸ்கிரிப்ட் 'கிருஷ்ணமூர்த்தி' என்ற பெயரின் நீளத்தை 15 என்று சொல்லும். நாம் எண்ணினால் 8 எழுத்துகள். 12க்கு மேல் ஏற்காத பெயர்ப் பெட்டி அவர் பெயரை நடுவில் வெட்டும், ஆங்கிலப் பெயர்களை மட்டும் இட்டுப் பார்த்த சோதனை அதைக் கவனிக்காது. இவற்றைவிட வியப்பானது எழுத்துருச் சிக்கல். சோதனை ஓடும் சிக்கனமான லினக்ஸ் கணினியில் தமிழ் எழுத்துரு நிறுவப்படாமல் இருந்தால் திரையில் வெறும் கட்டங்கள்தான் வரையப்படும். பக்கத்தின் உள்ளே எழுத்துகள் சரியாக இருப்பதால் 'பணம் செலுத்து' என்ற பொத்தானைச் சோதனை தேடிக் கண்டுபிடித்து, சொடுக்கி, தேறிவிடும். எழுத்துருவை நிறுவி, திரையைப் படமெடுத்து, முன்பு எடுத்த படத்தோடு ஒப்பிட்டால் மட்டுமே இது பிடிபடும். அந்த முதல் படம் சரிதானா என்பதைத் தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர் உட்கார்ந்து பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.